சந்திரனில் உடைந்த மட்கார்டு

மழை விட்ட கையோடு சைக்கிளில் பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா? பின்சக்கரத்தின் மேல் மட்கார்டு சரியாக இருந்தால் கவலை இல்லை. அது இல்லாத சைக்கிளாக இருந்தால் சங்கதி வேறு. வீட்டிலிருந்து புறப்படும்போது வெள்ளை வெளேர் என்றிருந்த சட்டை, பள்ளி வாசலில் இறங்கும்போது முதுகில் நீளமாகச் சேற்றுக் கோடு போட்டிருக்கும். வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் திட்டு விழும். அவ்வளவுதான், சோப்புப் போட்டுத் துவைத்தால் தீர்ந்தது.

இதே சங்கடம் ஒருமுறை இரண்டு பேருக்குப் பூமியிலிருந்து சுமார் 3,84,000 கி.மீ. தொலைவில் நேர்ந்தது. அவர்களுடைய வண்டியிலும் பின்சக்கரத்து மட்கார்டுதான் உடைந்தது. ஆனால் அங்கே துவைக்கத் தண்ணீர் இல்லை. மாற்று மட்கார்டு வாங்கக் கடை இல்லை. பழுது பார்க்க மெக்கானிக்கும் இல்லை. வண்டியைச் சரி செய்யாவிட்டால், பல ஆண்டுகளாகத் திட்டமிட்ட ஆராய்ச்சியின் பெரும் பகுதி கைநழுவிப் போகும். கையில் இருந்த பொருள்களைக் கொண்டே அவர்கள் ஒரு மட்கார்டைச் செய்து பொருத்தினார்கள். அந்தக் கதையையும், அதில் பொதிந்துள்ள அறிவியலையும் பார்ப்போம்.

சந்திரனில் ஒரு கார்

1972-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து அப்போலோ-17 விண்கலம் புறப்பட்டது. அப்போலோ திட்டத்தின் கடைசிப் பயணம் அது. யூஜின் செர்னான், ஹாரிசன் ஷ்மிட், ரொனால்ட் எவான்ஸ் என்ற மூவர் அதில் சென்றனர். எவான்ஸ் தாய்க்கலத்தில் இருந்தபடி சந்திரனைச் சுற்றி வந்தார். மற்ற இருவரும் டிசம்பர் 11 அன்று 'டாரஸ்-லிட்ரோ' என்னும் பள்ளத்தாக்கில் இறங்கினர். ஷ்மிட் ஒரு மண்ணியல் அறிஞர். பாறைகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் சந்திரனில் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

பள்ளத்தாக்கு பெரியது. பார்க்க வேண்டிய இடங்கள் பல கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருந்தன. கனமான விண்வெளி உடையுடன் அவ்வளவு தூரமும் நடப்பது ஆகாத காரியம். அதற்காகவே ஒரு கார் உடன் அனுப்பப்பட்டிருந்தது. இத்தகைய கார் 1971-இல் அப்போலோ-15-லும், 1972 ஏப்ரலில் அப்போலோ-16-லும் சென்று நன்றாக உழைத்திருந்தது.

இந்தக் காருக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, பெட்ரோலும் கிடையாது. சந்திரனில் காற்று இல்லாததால் பெட்ரோல் எஞ்சின் அங்கே ஓடாது அல்லவா? ஆகவே மின்கலங்களின் மின்சாரத்தில் ஓடும்படி செய்திருந்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே ஒரு சிறு மின்மோட்டார். ஒவ்வொன்றும் கால் குதிரைத்திறன். டயருக்குப் பதிலாக எஃகுக் கம்பி வலை. பூமியில் நிறுத்தால் கார் சுமார் 210 கிலோகிராம் இருக்கும். ஆனால் தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான சுமையை அது தாங்கும். சந்திரனில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கே என்பதால்தான் இவ்வளவு மெலிந்த வண்டி இவ்வளவு சுமையைத் தாங்க முடிந்தது.

இறங்குகலத்தின் பக்கவாட்டில், மடக்கு நாற்காலியை மடக்கி வைப்பதுபோல், காரை மடக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் கண்ணாடியிழையால் ஆன மட்கார்டு இருந்தது. முழு மட்கார்டும் மடக்கிய நிலையில் இடம் கொள்ளாது. ஆகவே அதில் ஒரு பகுதி, தீப்பெட்டியின் உள்பெட்டிபோல் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் தக்கதாக இருந்தது. சந்திரனில் இறங்கிய பிறகு வெளியே இழுத்துவிட வேண்டும். இந்த நீட்டுத் துண்டுதான் நம் கதைக்குக் காரணம்.

சுத்தியல் செய்த வேலை

பாறைகளை உடைப்பதற்காக வைத்திருந்த சுத்தியல் ஒன்று, செர்னானின் காலருகே உடைப் பையில் செருகப்பட்டிருந்தது. முதல் நாள் வேலையின்போது அவர் காரின் அருகே நகர்ந்தார். விறைத்து நிற்கும் விண்வெளி உடைக்குள் இருப்பவருக்குத் தம் கால் பக்கத்தைக் குனிந்து பார்ப்பது கடினம். சுத்தியல், வலப்பக்கப் பின்சக்கரத்து மட்கார்டில் மாட்டியது. நீட்டுத் துண்டு உடைந்து கையோடு வந்துவிட்டது.

அதன் பொருளை அவர்கள் உடனே உணர்ந்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன்பு, அப்போலோ-16 பயணத்தில் ஜான் யங் என்பவருக்கும் இதேபோல் ஒரு மட்கார்டுத் துண்டு போயிருந்தது. அதன் பின் கார் ஓடும்போதெல்லாம் புழுதி மேலேயிருந்து மழைபோல் பொழிந்ததை அவர்கள் அறிவார்கள்.

செர்னான் சாம்பல் நிற ஒட்டு நாடாவை எடுத்தார். துணியின் ஒரு பக்கத்தில் பசை தடவிய அந்த நாடாவை 'டக்ட் டேப்' என்பார்கள். காற்றூதிய பலூன்போல் உப்பியிருக்கும் கையுறையுடன் நாடாவைக் கிழித்து, துண்டைப் பழைய இடத்தில் வைத்து, ஒருவாறு ஒட்டினார். காரும் புறப்பட்டது. கொஞ்ச தூரம் ஒட்டு தாங்கியது. ஆனால் அன்றைய பயணம் முடியுமுன் நாடா விட்டுப்போய், மட்கார்டுத் துண்டு எங்கோ விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது இருவர் மீதும், கருவிகள் மீதும், கார் முழுவதும் கரும்புழுதி படிந்திருந்தது.

புழுதி ஏன் தலைமேல் விழுந்தது?

'சைக்கிளில் சேறு முதுகில்தானே படுகிறது? தலைமேல் மழையாகப் பொழிவது எப்படி?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சிறு கணக்குப் போட்டால் விடை கிடைக்கும்.

உருளும் சக்கரத்தின் பின்பக்க விளிம்பைக் கவனியுங்கள். காரில் இருப்பவர் பார்க்கும்போது அது மேல்நோக்கிச் செல்கிறது. அதன் வேகம் காரின் வேகமேதான். அந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் புழுதி, பிடி விட்டதும் அதே வேகத்தில் மேலே கிளம்பும். மேலே எறிந்த பொருள் எட்டும் உயரத்தைக் காணும் விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். வேகத்தின் வர்க்கத்தை, ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும்.

கார் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அது நொடிக்கு 2.78 மீட்டர். இதன் வர்க்கம் ஏறக்குறைய 7.7. பூமியின் ஈர்ப்பு முடுக்கம் 9.8, அதன் இருமடங்கு 19.6. வகுத்தால் 0.39 மீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. சந்திரனின் ஈர்ப்பு முடுக்கம் 1.62, இருமடங்கு 3.24. வகுத்தால் 2.4 மீட்டர் வருகிறது! அச்சின் உயரத்திலிருந்து இன்னும் 2.4 மீட்டர் மேலே என்றால், உட்கார்ந்திருப்பவர் தலையைத் தாண்டி வெகு உயரம். மேலே போய் மீண்டும் கீழே வர அந்தப் புழுதிக்கு ஏறக்குறைய மூன்றரை நொடி ஆகும்.

'மூன்றரை நொடிக்குள் கார் பத்து மீட்டர் போயிருக்குமே! புழுதி பின்னால்தானே விழும்?' இதுவும் நியாயமான ஐயமே. பூமியில் அப்படித்தான் நடக்கும். மண் சாலையில் லாரி போனால் புழுதி மேகம் பின்தங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புழுதியைத் தடுத்து நிறுத்துவது காற்று. சந்திரனில் காற்று இல்லை.

ஓடும் ரயிலுக்குள் உட்கார்ந்து ஒரு பந்தை நேராக மேலே எறியுங்கள். அது உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. பந்து மேலே போகும்போதும் ரயிலின் முன்னோக்கிய வேகத்தை விடுவதில்லை. சந்திரக் காரின் புழுதியும் இப்படித்தான். சக்கரத்தை விட்டுக் கிளம்பும்போது காரின் முன்வேகமும் அதனிடம் இருக்கிறது. அதைக் குறைக்கக் காற்று இல்லாததால் புழுதி காரைப் பின்தொடர்ந்து, மேலே போய், காரின் மேலேயே இறங்கும். சற்று முன்பக்கமாகத் தெறித்த புழுதி, ஓட்டுபவரின் தலையிலும் மடியிலும் விழும். வேகமாக ஓட்டித் தப்பிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வேகம் கூடினால் புழுதி இன்னும் உயரம் போகுமே தவிரக் காரைவிட்டு விலகாது.

சந்திரனில் மட்கார்டு அழகுக்கு வைத்த உறுப்பு அன்று என்பது இப்போது விளங்கியிருக்கும்.

கொஞ்சம் புழுதியால் என்ன கெட்டுவிடும்?

நம் ஊர் மணலைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆற்று மணலின் முனைகள் மழுங்கியிருக்கும். நீரும் காற்றும் அவற்றைப் புரட்டிப் புரட்டித் தேய்த்துவிடுகின்றன. சந்திரனில் ஆறும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் மோதி நொறுங்கிய பாறைத் தூளும் கண்ணாடிச் சில்லுகளும் நொறுங்கியபடியே கூர்மையாகக் கிடக்கின்றன. அந்தத் தூள் மாவுபோல் மென்மையானதாகத் தோன்றினாலும் உப்புத்தாள்போல் அராவும். கையுறைகளின் மேலுறையை அது தேய்த்தது. உடையின் இணைப்பு வளையங்களுக்குள் புகுந்து அவற்றைத் திருப்ப முடியாதபடி இறுகச் செய்தது. துடைக்கத் துடைக்க ஒட்டிக்கொண்டது. இறங்குகலத்துக்குள் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, சுட்ட வெடிமருந்து நாற்றம் அடித்ததாக வீரர்கள் சொன்னார்கள். ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பே வந்துவிட்டது.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து வெப்பம். சூடான பொருள் தன் வெப்பத்தை விடுவதற்குக் கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழிகள் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். சந்திரனில் காற்று இல்லாததால் வெப்பச்சலனம் இல்லை. காரின் மின்கலங்களில் உண்டாகும் வெப்பம் கடைசியில் கதிர்வீச்சாகவே வெளியேறியாக வேண்டும். அதற்காகப் பளபளக்கும் கண்ணாடிப் பரப்புகளை அமைத்திருந்தார்கள். அவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள் வெப்பத்தை வெளியே விடும். இந்தப் பரப்பின்மேல் கரும்புழுதி படிந்தால் என்ன ஆகும்? சந்திர மண் தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கு அளவே திருப்பி அனுப்புகிறது. மற்றதை உறிஞ்சிச் சூடாகிறது. வெயிலில் வெள்ளைக் குடை பிடிப்பதற்குப் பதில் கரும்போர்வை போர்த்திய கதைதான். மின்கலம் அளவுக்கு மீறிச் சூடானால் கார் நின்றுவிடும். வெள்ளை உடை கறுத்தால், உள்ளே இருப்பவரைக் குளிர்விக்கும் சாதனத்துக்கும் வேலை கூடும். படக்கருவியின் கண்ணாடியும் மங்கிப்போகும்.

முதல் நாள் சிறிய பயணம். அடுத்த நாள்தான் பள்ளத்தாக்கின் மறுகோடி வரை நீண்ட பயணம் இருந்தது. மட்கார்டு இல்லாமல் அவ்வளவு தூரம் போவதா?

ஒட்டு ஏன் நிற்கவில்லை?

பழுது பார்க்குமுன், முதல் ஒட்டு ஏன் விட்டது என்று தெரிய வேண்டும். இதற்கு விடை சொல்ல, தெருமுனையில் இருக்கும் சைக்கிள் கடைக்காரரே போதும். பஞ்சரான டியூபில் அவர் எடுத்த எடுப்பில் ஒட்டுப் போடுவதில்லை. முதலில் அந்த இடத்தைத் துடைக்கிறார். பிறகு உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கிறார். அதன் பிறகுதான் சொல்யூஷன் தடவி ஒட்டுகிறார். ஏன் இவ்வளவு பாடு?

பசை பிடிக்க வேண்டுமானால், அது பொருளின் பரப்போடு இடைவெளியின்றி நெருங்க வேண்டும். இடையில் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும்; பொருளைப் பிடிக்காது. தூசியோ பொருளின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் தூசியோடு நாடாவும் வந்துவிடும். செர்னானின் நாடாவில் குற்றம் இல்லை. மட்கார்டு முழுவதும் சந்திரத் தூள் படிந்திருந்தது. தேய்த்துத் துடைக்கவும் வழியில்லை. பிறகு வண்டி குலுங்கக் குலுங்க நாடா கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது.

ஹூஸ்டனில் ஓர் இரவு

வீரர்கள் இருவரும் களைத்துத் தூங்கினார்கள். பூமியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் தூக்கம் இல்லை. அப்போலோ-16-இல் இதே தொல்லையை அனுபவித்த ஜான் யங் அங்கே இருந்தார். அவரும் பொறியாளர்களும் ஒரு மாற்று மட்கார்டை ஆராயத் தொடங்கினர்.

அவர்கள் முன் இருந்த நிபந்தனைகளைப் பாருங்கள். சந்திரனில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை மட்டுமே பயன்படுத்தலாம். ஓர் ஆணிகூடப் புதிதாக அனுப்ப முடியாது. எடுக்கும் பொருள், உயிர் காக்கும் எந்தச் சாதனத்துக்கும் தேவைப்படாததாக இருக்க வேண்டும். வெளியே செய்யும் வேலை, தடித்த கையுறையோடு சில நிமிடங்களில் முடிவதாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புழுதி படிந்த பரப்பில் பசையை நம்பக் கூடாது.

மட்கார்டுக்கு என்ன வேண்டும்? அகலமான, எடை குறைந்த, சற்று விறைப்பான ஒரு தகடு. கலத்தில் அப்படி என்ன இருக்கிறது? வரைபடங்கள் இருந்தன! பள்ளத்தாக்கின் படங்களைத் தடித்த, வழவழப்பான தாள்களில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். நான்கு வரைபடங்களைச் சேர்த்து ஒட்டினால், ஏறத்தாழ 38 செ.மீ. நீளமும் 27 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தகடு கிடைக்கும்.

அதைக் காரோடு பொருத்துவது எப்படி? இறங்குகலத்தில், விண்மீன்களைப் பார்த்துத் திசையைச் சரிசெய்ய ஒரு தொலைநோக்கி இருந்தது. அதனோடு பயன்படுத்தும் சிறு விளக்குகளில் பொருளைப் பிடித்துக்கொள்ளும் கவ்விகள் உண்டு. மட்கார்டின் மிச்சமிருந்த பகுதியையும் வரைபடத் தகட்டையும் சேர்த்து இந்தக் கவ்விகளால் இறுக்கினால் போதும்.

பசைக்கும் கவ்விக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? பசைக்குச் சுத்தமான பரப்பு வேண்டும். கவ்வி அழுத்தத்தாலும் உராய்வாலும் பிடிக்கிறது. கொஞ்சம் தூசி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். நாடா ஒட்டும் வேலை, தூசி குறைவான கலத்துக்குள், கையுறை இல்லாத வெறுங்கையால். கவ்வி பொருத்தும் வேலை வெளியே. இந்தப் பிரிவினையில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

பூமியில் அதேபோன்ற தாள்களையும் நாடாவையும் கொண்டு ஒரு மாதிரியைச் செய்து சரிபார்த்தனர். வீரர்கள் விழித்தெழுந்ததும் ஜான் யங் வானொலி மூலம் செய்முறையை ஒவ்வொரு படியாகச் சொன்னார். செர்னானும் ஷ்மிட்டும் அப்படியே செய்தார்கள். வெளியே சென்று தகட்டைக் கவ்விகளால் பொருத்தினார்கள்.

வெறும் தாள் மண் தெறிப்பை எப்படித் தாங்கும்? தாள் தட்டையாக இருந்தால் துவண்டுவிடும். அதையே வளைத்துப் பிடித்தால் விறைப்பாகிவிடும். வளைந்த மட்கார்டின்மேல் பொருத்திய தகடும் அந்த வளைவையே ஏற்றுக்கொண்டது. அலை அலையாய் வளைத்த கூரைத் தகரம், தட்டைத் தகரத்தைவிட உறுதியாக இருப்பதும் இதனால்தான்.

செம்மஞ்சள் மண்

1972 டிசம்பர் 12 அன்று தொடங்கிய இரண்டாம் பயணத்தில் வரைபட மட்கார்டுடன் கார் புறப்பட்டது. புழுதி மழை நின்றது. அன்று மட்டும் அவர்கள் ஏழரை மணி நேரத்துக்கும் மேலாகக் கலத்துக்கு வெளியே இருந்தார்கள். ஏறக்குறைய 20 கி.மீ. ஓட்டினார்கள். கலத்திலிருந்து சுமார் 7.6 கி.மீ. தொலைவு வரை, தென்மலையின் அடிவாரத்துக்கே சென்றார்கள்.

திரும்பும் வழியில் 'ஷார்ட்டி' என்ற பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள். அங்கே ஷ்மிட்டின் கால் பட்டுக் கலைந்த இடத்தில் மண் வேறு நிறமாகத் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் சாம்பலும் கறுப்புமான சந்திரனில், அது செம்மஞ்சள் நிறமாக இருந்தது! மண்ணியல் அறிஞருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா? அதைத் தோண்டி எடுத்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். ஆராய்ந்தபோது, அது மிக நுண்ணிய கண்ணாடி மணிகளின் குவியல் என்று தெரிந்தது. சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, சந்திரனின் உள்ளிருந்து எரிமலைக் குழம்பு நீரூற்றுபோல் பீறிட்டு எழுந்தபோது, அதன் துளிகள் விரைவில் குளிர்ந்து இம்மணிகளாகியிருந்தன. சந்திரனின் உட்பகுதியைப் பற்றி அறிய இவை இன்றும் பயன்படுகின்றன. புழுதிக்கு அஞ்சி அன்றைய பயணத்தைச் சுருக்கியிருந்தால் இந்த மண்ணைக் கண்டிருப்பார்களா என்பது ஐயமே.

மூன்றாம் நாளும் மட்கார்டு தாங்கியது. மூன்று நாள்களிலும் சேர்த்துக் கார் சுமார் 36 கி.மீ. ஓடியது. ஏறக்குறைய 110 கிலோகிராம் பாறையும் மண்ணும் சேகரிக்கப்பட்டன. கார் சந்திரனிலேயே நின்றுவிட்டது. ஆனால் புறப்படுமுன் செர்னான் வரைபட மட்கார்டைக் கழற்றிக் கையோடு எடுத்துவந்தார். சந்திரப் புழுதி படிந்த அந்தக் காகித மட்கார்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான விண்வெளிக் காட்சியகத்துக்குச் சேர்ந்தது.

இதற்கு முன்னும் பின்னும்

கைப்பொருளைக் கொண்டு ஆபத்தைத் தாண்டியது விண்வெளியில் இது முதல் தடவை அன்று. 1970 ஏப்ரலில் அப்போலோ-13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. மூன்று வீரர்களும், இருவருக்காகச் செய்த இறங்குகலத்துக்குள் தஞ்சம் புகுந்தனர். மூச்சுவிடும்போது வெளியாகும் கார்பன் டையாக்சைடு அங்கே பெருகியது. அதை உறிஞ்சும் பெட்டிகள் தாய்க்கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுரம். இறங்குகலத்தில் இருந்த துவாரங்களோ வட்டம்! பிளாஸ்டிக் பை, கெட்டி அட்டை, உடையின் குழாய், ஒட்டு நாடா ஆகியவற்றைக் கொண்டு சதுரத்தை வட்டத்தோடு இணைத்தார்கள். மூவரும் உயிரோடு திரும்பினர்.

பிற்கால ஊர்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நம் சந்திரயான்-3 சந்திரனில் இறக்கிய 'பிரக்ஞான்' என்ற ஆறு சக்கர ஊர்தி, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. முன்பு போட்ட கணக்கையே இதற்கும் போட்டுப் பாருங்கள். சக்கரம் எறியும் புழுதி சுமார் 0.03 மில்லிமீட்டர் உயரமே எழும்! புழுதி மழை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மனிதரை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடும் வண்டிக்குத்தான் மட்கார்டு இன்றியமையாதது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்துச் சுத்தமாகத் துடையுங்கள். அதன் பாதிப் பரப்பில் முகப் பவுடரைத் தூவி ஊதிவிடுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு ஒட்டு நாடாத் துண்டுகளில் ஒன்றைச் சுத்தமான பாதியிலும், மற்றொன்றைப் பவுடர்ப் பாதியிலும் ஒட்டி, மெல்ல இழுங்கள். எது எளிதில் வருகிறது? வந்த நாடாவின் பசைப்பக்கத்தைப் பாருங்கள்; அதில் என்ன ஒட்டியிருக்கிறது? இனி, பவுடர் படிந்த விளிம்பில் ஓர் அட்டையை வைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி, தட்டைக் குலுக்குங்கள். பசைக்கும் கவ்விக்கும் உள்ள வேறுபாடு கைக்கே தெரியும்.

2. நோட்டுத் தாள் ஒன்றின் குறுகிய ஓரத்தைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். மறுமுனை தொங்கிவிடும். பிடித்திருக்கும் ஓரத்தை மட்டும் விரல்களால் சற்று வளையுங்கள். தாள் முழுவதும் விறைத்து நீண்டு நிற்கும். அதன் நுனியில் எத்தனை குண்டூசிகளை வைக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

3. ஒரு கணக்கு: செர்னான் ஓரிடத்தில் சரிவில் இறங்கும்போது காரின் வேகம் மணிக்கு 18 கி.மீ. வரை சென்றது. அந்த வேகத்தில், மட்கார்டு இல்லாவிட்டால் புழுதி அச்சுக்கு மேல் எவ்வளவு உயரம் எழும்? (விடை: சுமார் 7.7 மீட்டர். அது இரண்டு மாடி உயரம்!)

அடுத்த முறை உங்கள் சைக்கிளிலோ, வீட்டு மின்விசிறியிலோ, பள்ளிப் பையிலோ ஏதாவது உடைந்தால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மின்சாரப் பொருளானால் முதலில் இணைப்பைத் துண்டித்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த உறுப்பு என்ன வேலை செய்தது? அது ஏன் உடைந்தது? அதே வேலையைச் செய்யக்கூடிய வேறு பொருள் கைவசம் என்ன இருக்கிறது? ஹூஸ்டனில் அன்றிரவு விழித்திருந்தவர்களும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டார்கள்.